யார் செய்தது, ஏன் நின்றது?



எம்மவர் இல்லங்களில் கணனி என்பது அடுப்பைப் போலவும் குளிர்சாதனப் பெட்டியைப் போலவும் அத்தியாவசியப் பொருளாகிப் பல வருடங்களாகிவிட்டன. 1990களின் பிற்பகுதியில், வேலைத்தலத்தின் ஊடாக வரிச்சலுகையுடன் வீட்டுக்குக் கணனி பெறும் திட்டம் நோர்வேயில் நடைமுறைக்கு வந்தது. அந்த வழியாகவும் எங்கள் வீடுகளுக்குக் கணனிகள் வந்து சேர்ந்தன. வந்த நாளிலிருந்து இன்றுவரை அதனுடன் கூடவே வந்த ஒரு தொல்லையும் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி சொல்லாமற் கொள்ளாமல் அணைந்து போகும். வரிப்படிவம் நிரப்பும்போது அணையும், பிள்ளை பரீட்சைக் கட்டுரை எழுதும்போது அணையும், ஊரிலுள்ள அம்மாவுடன் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் "சாப்பிட்டியே மோனை?" என்று கேட்டு முடிக்குமுன் அணையும்.

அவ்வாறு அணைந்ததும் வீட்டில் எழும் முதற் கேள்வி என்ன என்பதைக் கவனித்திருப்பீர்கள். "ஏன் நின்றது?" என்று எவரும் கேட்பதில்லை. "ஆர் இதிலை கை வைச்சது? என்னத்தை அமத்தினனி?" என்பதே கேள்வி. "நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா" என்பது மறுமொழி. "நீ செய்யாமல் அது தானாய் நிக்குமோ?" என்பது தீர்ப்பு. வழக்கு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பெட்டியை மட்டும் எவரும் திறந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

காரணம் தெரியாத ஒரு பழுதுக்குக் குற்றவாளியைத் தேடுவது அறமாகுமா? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி. கணனியைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும் இது கணனியோடு நின்றுவிடுகின்ற ஒன்றல்ல.

முதலில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணனியின் மூளையாகிய செயலி வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை வாங்குவதற்கு அதன்மேல் உலோகத் தகடுகள் அடுக்கிய ஒரு குளிர்த்தியும், அதன்மேல் ஒரு காற்றாடியும் பொருத்தப்பட்டிருக்கும். காற்றாடி அறையின் காற்றை இழுக்கும். காற்றோடு தூசியையும் இழுக்கும். தகடுகளின் இடுக்குகளில் தூசி படிந்து படிந்து கம்பளித் துணி போலாகிவிட்டால், காற்றாடி சுற்றினாலும் சூடு வெளியேறாது. செயலி முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதுதான் "கணனி சோம்பல்படுகுது" என்கிறோம். வெப்பம் ஏறக்குறைய 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, எரிந்துபோகாமலிருப்பதற்காகக் கணனி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். செயலிக்கும் குளிர்த்திக்கும் இடையே பூசப்பட்ட பசை வருடக்கணக்கில் காய்ந்து போனாலும் இதே கதைதான்.

எங்கள் வீடுகளில் இதற்கு இன்னும் சில விசேட ஏதுக்கள் உண்டு. தாளிதத்தில் எழும் எண்ணெய்ப் புகை காற்றிலே கலந்து தூசியைப் பிசுபிசுப்பாக்கும். அப்படிப்பட்ட தூசி ஊதினாலும் போகாது. இடநெருக்கடியால் சிலர் கணனியைச் சுவாமி அறையிலேயே வைத்திருக்கிறார்கள். சாம்பிராணியும் கற்பூரமும் இறைவனுக்கு உகந்தவை என்பதில் ஐயமில்லை. காற்றாடிக்கு அவை உகந்தவையல்ல. மாரிகாலத்தில் யன்னலுக்குக் கீழுள்ள சுவர் வெப்பமூட்டியோடு ஒட்டிப் பெட்டியை வைப்பதும் உண்டு. வெளியே பனி, மைனஸ் பதினைந்து. கணனியின் முதுகிலோ சித்திரை வெயில்!

சூடு தவிர வேறு காரணங்களும் உள. மின்வழங்கி பலவீனமடைந்திருக்கலாம். நினைவகத் துண்டு சரியாக இருக்கையில் அமராமல் இருக்கலாம். மடிக்கணனியாயின் மின்கலம் மூப்படைந்திருக்கலாம். சில வேளைகளில் பழுதே இராது. புதுப்பித்தல் ஒன்றை முடிப்பதற்காக இயங்குதளமே மறுபடி தொடங்கியிருக்கும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் நிகழ்வுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கணனி திடீரென அணைந்து மறுபடி எழும்போது அதில் 41 என்ற இலக்கத்துடன் ஒரு குறிப்பு விழும். முன்னைய தடவை முறைப்படி மூடப்படாமலே இயக்கம் நின்றுபோயிற்று என்பதே அதன் சாரம். ஏன் நின்றது என்று அக்குறிப்பு உறுதிகூறுவதில்லை. அது கணனிக்குத் தெரியாது. விழித்துப் பார்த்தபோது, தான் ஒழுங்காகப் படுக்கைக்குப் போகவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரிகிறது. தெரிந்ததைச் சொல்லித் தெரியாததைச் சொல்லாமல் விடும் இந்தக் குணம் வீட்டு நீதிபதிகளிடம் இல்லை என்பதை இங்கு குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

காரணம் என்பதைப் பற்றி எமது சைவ சித்தாந்தம் நுட்பமாகப் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தைப் படிப்பிக்கும் ஆசிரியர்கள் குடம் வனைவதை உதாரணம் காட்டுவார்கள். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். மூன்றும் கூடினாலன்றிக் குடம் இல்லை. ஞாயிறு வகுப்பில் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் இது தெரியும். ஆனால் வீட்டில் ஒரு பொருள் பழுதானதும் நாம் முதலிரண்டையும் மறந்து மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். மண்ணையும் பார்ப்பதில்லை, சக்கரத்தையும் பார்ப்பதில்லை. குயவன் எங்கே என்றுதான் தேடுகிறோம். தூசிக்குக் குயவன் யார்?

இவ்விடத்தில் சித்தாந்தம் கற்ற பெரியவர் ஒருவர் மறுப்புச் சொல்லலாம். "உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நிறுவத்தானே அந்த உதாரணம்? தோற்றமும் நிலையும் மட்டுமன்றி ஒடுக்கமும் அவன் செயல்தானே? அப்படியாயின் கணனி ஒடுங்குவதற்கும் ஒரு கர்த்தாவைத் தேடுவதில் என்ன பிழை?" என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கர்த்தா இறைவன். அவன் செயலை ஆதாரமாகக் காட்டிப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் குட்ட முடியாது. சர்வ வியாபகமான நிமித்தகாரணம் வேறு, நேற்று மாலை விசைப்பலகையைத் தொட்டவன் வேறு.

பிள்ளையைக் குற்றஞ்சாட்டுவது சிறிய விடயம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு பெரிய விடயத்தைச் சொல்கிறேன். இது அமெரிக்காவில் நடந்தது.

டெல் என்ற புகழ்பெற்ற கணனி நிறுவனம் 2003 மே தொடக்கம் 2005 யூலை வரை விற்ற ஒப்ரிபிளெக்ஸ் ரகக் கணனிகளின் தாய்ப்பலகையில் கப்பாசிற்றர் எனப்படும் சின்னஞ்சிறு மின்தேக்கிகள் பழுதானவையாக இருந்தன. அவை சில காலம் வேலை செய்தபின் தலை வீங்கி, உள்ளிருக்கும் திரவம் கசிந்துவிடும். அதன்பின் கணனி நினைத்தபோது அணையும், அல்லது எழும்பவே எழும்பாது. இந்தக் காலத்தில் அந்நிறுவனம் அனுப்பிய, இப்பழுதுக்கு ஆளாகக்கூடிய கணனிகள் குறைந்தது 1 கோடியே 18 இலட்சம் என்பது பின்னர் ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களின்மூலம் தெரியவந்தது. 2010 யூன் மாத இறுதியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதை விரிவாக வெளியிட்டது. இக்கணனிகளுக்காக 2005ல் அந்நிறுவனம் 30 கோடி டொலரைச் செலவாக ஒதுக்கியும் இருந்தது. ஆகவே பழுது அவர்களுக்குத் தெரியாதது அல்ல.

அந்தச் செய்தியில் என்னை உறுத்திய பகுதி வேறு. ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் கணிதத்துறையில் இக்கணனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதானபோது, கணனிகளுக்குக் கடினமான கணக்குகளைக் கொடுத்து மிதமிஞ்சி வேலை வாங்கிவிட்டீர்கள் என்பதே நிறுவனத்தின் மறுமொழியாக இருந்ததாம். கணிதத்துறையைப் பார்த்து, நீங்கள் கணக்குச் செய்தது பிழை என்று சொல்லியிருக்கிறார்கள்! வாடிக்கையாளர் கேட்டால் நிச்சயமின்மையை அழுத்திச் சொல்லுமாறு விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்ததும் அந்த ஆவணங்களில் இருந்தது. 41 என்ற குறிப்பு "தெரியாது" என்பது உண்மையான தெரியாமை. இவர்களுடையது தெரிந்துகொண்டு தெரியாததுபோல் நின்ற தெரியாமை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். காரணத்தை அறியக்கூடிய வசதி எவரிடம் இருந்ததோ அவர் வாய்மூடி நின்றார். அறியும் வசதி இல்லாதவர் பழியைச் சுமந்தார். வீட்டிலும் இதே ஒழுங்குதான். பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை அப்பாவுக்கு, பழி பிள்ளைக்கு. பழி எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது.

இதனால் "யார்?" என்ற கேள்வியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது இன்னொரு பக்கத்துப் பிழையாகிவிடும். 2003 ஓகஸ்ற் 11ஆந் திகதியளவில் பிளாஸ்ரர் என்ற புழு வலையமைப்புகளில் பரவியது. விண்டோஸ் கணனியில் அது புகுந்தால் திரையில் ஓர் அறிவிப்பு வந்து, அறுபது வினாடிகள் எண்ணி முடிந்ததும் கணனி அணைந்து மறுபடி எழும். சற்று நேரத்தில் மறுபடியும் எண்ணத் தொடங்கும். இங்கு குற்றவாளி உண்டு. அப்புழுவின் ஒரு திரிபை வெளியிட்ட மினசோட்டா மாநிலத்துப் பதினெட்டு வயது இளைஞன் அந்த மாதமே கைதாகி, 2005ல் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றான். ஆனால் குற்றவாளி அகப்பட்டதால் கதை முடிந்துவிட்டதா? புழு புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் யூலை 16லேயே வெளியிட்டிருந்தது. அதை இட்டுக்கொள்ளாத கணனிகள் உலகெங்கும் கிடந்தன. ஓட்டை இருந்ததும் ஒரு காரணம், அடைக்காமல் விட்டதும் ஒரு காரணம், புழுவை எழுதியது இன்னொரு காரணம். மண்ணும் சக்கரமும் குயவனும் இங்கே சேர்ந்துதான் நிற்கிறார்கள். ஏன் என்ற கேள்விக்கு விடை கண்டபின் யார் என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு ஓர் அளவு கிடைக்கிறது. எவர்மேல் எவ்வளவு என்று பகுத்துப் பார்க்க முடிகிறது. முதலிலேயே யார் என்று கேட்டால் ஏன் என்பது கேட்கப்படாமலே போய்விடுகிறது. ஆள் அகப்பட்டுவிட்டானே, இனிப் பெட்டியை ஏன் திறப்பான்?

இனி, எங்கள் சமூகத்தில் இக்கேள்விக்கு உடனே எழும் மூன்றாவது விடை ஒன்றுண்டு. "எல்லாம் அவரவர் வினை." கணனிக்கு எவரும் வினைப்பயன் சொல்வதில்லை, மனிதருக்குச் சொல்கிறார்கள். நான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கியதே அதனால்தான்.

ஒஸ்லோவில் எம்மவரின் வாழ்க்கை எப்படி ஓடியது என்பது இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பேருந்து பிடித்து அலுவலகம் கூட்டித் துடைத்து, பகலில் ஒரு சிறு தூக்கம், மாலையில் உணவகத்தின் சமையலறை. இப்படி இருபது, இருபத்தைந்து வருடங்கள். இடையில் ஊரிலிருந்து வந்த செய்திகள், 2009ஆம் ஆண்டு. ஐம்பது வயதளவில் ஒருநாள் அந்த மனிதர் நின்றுவிடுகிறார். முதுகு, தோள்மூட்டு என்று சொல்லப்படும், சிலருக்கு மனம். வைத்தியர் விடுப்புப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். இந்நாட்டுச் சட்டப்படி ஒரு வருடம் வரை நோய்க்கால ஊதியம் பெறும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் திருவிழாவில், அன்னதான வரிசையில், அவருடைய காதுக்குக் கேட்கும் தூரத்திலேயே பேச்சு நடக்கிறது. "ஆளைப் பார்த்தால் நல்லாத்தானே இருக்கிறார்", "வேலைக்குப் போகப் பஞ்சி", இன்னும் சற்றுப் பக்தியுள்ளவர்களாயின், "முற்பிறப்பில் செய்தது". பஞ்சி என்பவர் யார் என்ற கேள்விக்கு இப்பிறப்பில் விடை காண்கிறார். வினை என்பவர் முற்பிறப்பில் காண்கிறார். இருவருமே ஏன் என்று கேட்கவில்லை.

வினைக்கோட்பாட்டை நான் மறுக்கவில்லை. அது எமது சமயத்தின் அடித்தளம். ஆனால் அதை எவர் எவருக்குச் சொல்வது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. துன்பப்படுபவர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்வதற்காகத் தனக்குத் தானே சொல்வது ஒன்று; துன்பப்படாதவர் எட்ட நின்று சொல்வது வேறொன்று. திருஞானசம்பந்தர் கொங்குநாட்டில் இன்று திருச்செங்கோடு எனப்படும் தலத்தில் தங்கியிருந்தபோது, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியதாகப் பெரியபுராணம் கூறும். குளிர்நாட்டில் வாழும் எமக்கு அந்த இடம் வாசிக்கும்போதே நடுங்கும். அப்போது பாடியது திருநீலகண்டப் பதிகம். வினையால் வந்தது என்று அறிந்திருந்தும் அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமலிருப்பது தகுமா என்ற கருத்தோடுதான் பிள்ளையார் அதனைத் தொடங்குகிறார். வினையை அவர் இல்லையென்று சொல்லவில்லை. அடியார்களைப் பார்த்து உங்கள் வினை, அனுபவியுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த தலத்துக்குப் புறப்படவுமில்லை. சுரம் நீங்கும்வரை பாடினார். எங்கள் அன்னதான வரிசைப் பேச்சு எந்தச் சைவத்தைச் சேர்ந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

நின்றுபோவது எப்போதும் பழுதுதானா என்பதையும் யோசிக்கவேண்டும். 2001ஆம் ஆண்டு ரொம்ஸ் ஹாட்வெயார் என்ற கணனி ஆய்வுத் தளத்தினர் ஒரு பரிசோதனை செய்தார்கள். கணனி ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த குளிர்த்தியைக் கழற்றிவிட்டார்கள். இன்ரெல் நிறுவனத்தின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றுவிட்டது, நின்றதால் பிழைத்தது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லன் செயலி வேகத்தைக் குறைக்கவுமில்லை, நிற்கவுமில்லை. சில வினாடிகளில் புகைந்து கருகியது. அந்நாட்களில் அத்லன் நல்ல வேகமான செயலி என்று பெயரெடுத்தது, மலிவும்கூட. வேகமும் மலிவும் பார்த்து வாங்கியவர்கள் அதற்கு நிற்கத் தெரியுமா என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

உவமையை அளவுக்கு மிஞ்சி இழுப்பது எனக்குப் பிடிக்காது. கணனிக்கு நோவில்லை, மானமில்லை, அன்னதான வரிசையில் நிற்கவேண்டிய அவசியமில்லை. மனிதருக்கு இவையெல்லாம் உண்டு. ஆகவே மனிதர் நிற்பதற்குக் கணனியைவிட அதிகம் யோசிக்கிறார். சிலர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல், சனம் என்ன சொல்லும் என்று பயந்து இன்னும் இரண்டு வருடம் ஓடுகிறார்கள். அவர்கள் நிற்காததில் எங்கள் பேச்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நிமித்தகாரணம் இல்லாவிட்டாலும் துணைக்காரணம்.

இந்நாட்டின் நுகர்வோர் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீண்ட காலம் உழைக்கவேண்டிய பொருள் ஒன்றை வாங்கினால், வாங்கும்போதே இருந்த குறையால் அது பழுதாகுமிடத்து முறையிட ஐந்து வருட அவகாசம் உண்டு; வீட்டுக் கணனியும் அவ்வகையிலேயே அடங்கும். வாங்கிய ஆரம்ப காலத்தில் தோன்றும் பழுது, விற்கும்போதே பொருளில் இருந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படியல்ல, வாங்கியவர்தான் பழுதாக்கினார் என்று விற்றவர் சொல்ல விரும்பினால் அதை நிரூபிக்கவேண்டியது விற்றவர் பொறுப்பு. காரணத்தை அறியும் வசதி எவரிடம் அதிகமோ அவர்மீதே நிரூபிக்கும் சுமை வைக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரருக்கு எதிராக இந்தப் பாதுகாப்பைப் பெற்ற அதே அப்பா, வீட்டுக்கு வந்து "நீ ஒண்டும் செய்யேல்லை எண்டதை நிரூபி" என்று பிள்ளையிடம் கேட்கிறார்.

ஆகையால், பற்றுச்சீட்டை எறியாமல் வையுங்கள். பெட்டி அணைந்தால் எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது, எவ்வளவு நேரம் ஓடியபின் என்று ஒரு துண்டில் குறியுங்கள். ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில், பாரமான வேலை கொடுத்தபோது அணைகிறதாயின் சூட்டைச் சந்தேகியுங்கள். வேலை எதுவுமின்றி எந்த நேரத்திலும் அணைகிறதாயின் மின்வழங்கியைச் சந்தேகியுங்கள். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவராயின் மின்செருகியைக் கழற்றிவிட்டுத் திறவுங்கள். இங்கு மாரிகாலத்தில் வீட்டுக்குள் காற்று மிகவும் வரண்டிருப்பதால் உடம்பில் நிலைமின் சேரும். கம்பளத்தில் நடந்து வந்த கையோடு உள்ளே தொடாமல், முதலில் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுத் தொடுங்கள். மின்வழங்கியின் கூட்டை மட்டும் ஒருபோதும் திறக்கவேண்டாம். செருகியைக் கழற்றியபின்னும் அதற்குள் மின் தங்கியிருக்கும். காற்றாடியைச் சுற்றவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். அந்த வேளையில் பிள்ளையையும் பக்கத்தில் கூப்பிட்டு, மின்விளக்கைப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளேயிருந்து வரும் தூசியை அவனும் பார்க்கட்டும்.